இளநரை ஏன்?

ஆண்டு பல சென்றும் தமக்கு நரை இல்லாமைக்குக் கவலையற்ற வாழ்வே காரணமென்றார் சங்கப் புலவர் பிசிராந்தையார். நம் இளைஞர் சிலருக்கோ 25 வயதிற்கு முன்னரே நரைக்கின்றது. கவலைதான் காரணமா? எண்ணெய் வையாமையா?

பெரும்பாலும் இரண்டுமல்ல, பரம்பரையே. மயிர்க்கால்களில் மெலனின் என்னும் நிறப்பொருள் உண்டாவது குன்றுவதால் மயிர் வெளுக்கின்றது. எனினும் விற்றமின் பி12 குறைவு, தைரொயிட் சுரப்பிக் கோளாறு, புகைத்தல் என்பனவும் காரணமாகலாம். மரக்கறி மட்டும் உண்போர் பாலையும் தயிரையும் தவறாது சேர்த்தல் நன்று.

நரையுடன் களைப்பும் கைகால் விறைப்பும் தோன்றின், சாயத்தைத் தேடுமுன் வைத்தியரை நாடி இரத்தப் பரிசோதனை செய்விப்போம். பி12 குறைவைக் கவனியாது விட்டால் நரம்புகள் பழுதுறும். பரம்பரையாய் வந்த நரைக்கோ நாம் வெட்கப்பட வேண்டுவதில்லை.