பங்குக் கிணறும் செயற்கைச் சூரியனும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நான்கு பங்காளிகளுக்கு ஒரே கிணறு உள்ள குடும்பத்தில் பிறந்தவன் நான். யார் முறை, தூர் வாரும் செலவில் யார் பங்கு என்ற வாய்ச்சண்டை இல்லாத கோடையே எங்களுக்குக் கிடையாது. ஆகவே, பிரான்சின் தென்பகுதியில் கடராஷ் என்னுமிடத்தில் ஏழு பங்காளிகள் சேர்ந்து அணுக்கரு இணைவு உலை ஒன்றைக் கட்டுகிறார்கள் என்று வகுப்பில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென் கொரியா, இந்தியா ஆகியோரே அந்த எழுவர். 1985-இல் ஜெனீவாவில் ரேகனும் கோர்பச்சேவும் சந்தித்தபோது முளைத்த யோசனை, 2006-இல் பாரிசில் ஒப்பந்தமாயிற்று. 'ஈட்டர்' என்பது உலையின் பெயர். டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் 15 கோடி டிகிரிக்குச் சூடேற்றி, காந்தப்புலத்தால் பிடித்து நிறுத்தி இணைய வைக்க வேண்டும். பிளாஸ்மாவுக்கு 50 மெகாவாட் வெப்பம் கொடுத்து 500 மெகாவாட் பெறுவது இலக்கு.

விடுமுறையில் இதை அப்பாவிடம் சொன்னேன். "அதுல கரண்டு வருமாடா?" என்றார். வராது, அது வெறும் சோதனை உலை என்றேன். "அப்புறம் எதுக்கு நம்ம காசு?" என்றார். பள்ளி வாசலை மிதிக்காதவரின் கேள்விதான். ஆனாலும் தட்டிக்கழிக்கக் கூடியதன்று.

குறைகளை மறைப்பானேன்? முதல் பிளாஸ்மா 2016 என்றார்கள். பிறகு 2025 என்றார்கள். 2024-இல் வெளியிட்ட திட்டப்படி ஆய்வுகள் தொடங்குவதே 2034-இல். டிரிட்டியம் சேர்த்து இயக்குவது 2039-இல். வெற்றிடக் கலத்தின் பகுதிகள் பற்றவைக்க வேண்டிய விளிம்புகளில் அளவு பிசகியிருந்தன. வெப்பக் காப்புத் தகடுகளின் குளிர்விக்கும் குழாய்களில் விரிசல் கண்டது. அக்கலத்தின் ஒன்பது பகுதிகளில் நான்கு கொரியாவுக்கு, ஐந்து ஐரோப்பாவுக்கு! ஒரே கொல்லனிடம் கொடுத்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் வேலையைக் கையால் செய்தவனுக்கே வித்தை கைவரும். உலை முழுவதையும் உள்ளடக்கும், ஏறக்குறைய 30 மீட்டர் உயரமும் 3,800 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட கிரையோஸ்டாட் என்னும் எஃகுக் கலம் இந்தியாவின் பங்கு. குஜராத்தில் ஹசீராவில் துண்டு துண்டாகச் செய்து, கப்பலேற்றி, அங்கே பற்றவைத்தார்கள். 2020-இல் அதன் அடிப்பகுதியைக் குழியில் இறக்கினார்கள். அந்தத் திறமையை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. எங்கள் கிணற்றில் கால் பங்குக்காரனுக்குக் கால் பங்குத் தண்ணீர்தான். அங்கேயோ, இந்தியா கொடுப்பது சுமார் 9 சதவீதம். விளையும் அறிவோ முழுவதும் எழுவருக்கும் பொது.

இந்தத் துறை வளர்ந்ததே அப்படித்தான். டோக்காமாக் சோவியத் நாட்டின் கண்டுபிடிப்பு. 1968-இல் நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் அவர்கள் அறிவித்த வெப்பநிலையை மேல்நாட்டார் பலர் நம்பவில்லை. நம்பாவிட்டால் வந்து அளந்து பாருங்கள் என்றது மாஸ்கோ. பனிப்போர்க் காலம் அது! ஆயினும் 1969-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் லேசர் கருவிகளைச் சுமந்துகொண்டு போய் அளந்தார்கள், சொன்னது மெய்யாயிருந்தது. அதன்பின் உலகமே டோக்காமாக் பக்கம் திரும்பியது. ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்க்க இடங்கொடுத்த அந்த நாணயத்துக்காகவே நம் காசைத் தரலாம் என்பேன். நிறைவேற்ற முடியாத தேதிகளைச் சொல்வதை மட்டும் அவர்கள் விட்டுவிட வேண்டும்.

அப்பா முழுதும் ஒப்பவில்லை. 2039-இல் நான் முப்பதைத் தாண்டியிருப்பேன் என்றேன். "அதுவரைக்கும் நம்ம மோட்டாரை யாரு பாக்கறது?" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று எங்கள் முறை.