கணக்கைக் காட்டுங்கள்!

எங்கள் குடியிருப்பில் மாமி ஒருவர் சீட்டு நடத்துகிறார். பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு, ஒரு குழந்தையைக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொல்வார். பணத்தை எண்ணிக் கொடுத்த கையோடு, நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைச் சுற்றுக்கு விடுவார். யார் கொடுத்தார்கள், யார் எடுத்தார்கள், யார் பாக்கி, எல்லாம் அதில் இருக்கும்.

சென்ற மாதம் என் மனைவி அந்த நோட்டைத் திறந்து பார்க்காமலே அடுத்தவர் பக்கம் நகர்த்திவிட்டாள். "எத்தனை வருஷப் பழக்கம் மாமி! உங்கள் கணக்கை நாங்கள் பார்க்கவேண்டுமா?" என்றாளாம்.

"பழக்கம் இருக்கிறதாலேதான் பார்க்கச் சொல்றேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்ததோ, பழக்கமும் போச்சு, பணமும் போச்சு!" என்று மாமி நோட்டைத் திருப்பி அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது, கனடா தேசத்து ஹாக்கி ஆட்டக்காரர் ஒருவர் எனக்கு ஞாபகம் வந்தார். "சீட்டுக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

* * *

ஹாக்கி என்றதும் நமக்குத் தியான் சந்தும் புல்தரையும்தான் நினைவுக்கு வரும். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தரையில் ஆடுவது. காலில் கத்தி பொருத்திய பூட்ஸுடன் பக்கத்துக்கு ஆறு பேர் சறுக்கிக்கொண்டு ஓடுவார்கள். பந்துக்குப் பதில் தட்டையான ஒரு ரப்பர் வில்லை. பல் உடைவதெல்லாம் அங்கே சர்வ சாதாரணம்!

இந்த ஆட்டத்தைத் தொழிலாக நடத்தும் நேஷனல் ஹாக்கி லீக் 1917-ல் தோன்றியது. ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு முதலாளி. ஆட்டக்காரர்கள் அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள்.

முதல் சண்டை 1925-ல் வந்தது. ஹாமில்டன் நகரத்துக் கோஷ்டி அந்த வருஷம் முதலிடத்தில் நின்றது. ஆனால் பருவத்துக்கு 24 ஆட்டம் என்று இருந்ததை 30 ஆக்கியிருந்தார்கள். சம்பளம் மட்டும் ஏறவில்லை. 'கூடுதல் வேலைக்கு ஆளுக்கு 200 டாலர் கொடுத்தால்தான் இறுதிப் பந்தயங்களில் இறங்குவோம்' என்று ஆட்டக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். லீக் தலைவர் பிராங்க் கால்டர் அவர்களைத் தள்ளிவைத்தார். அபராதமும் போட்டார். எவ்வளவு தெரியுமா? ஆளுக்கு அதே 200 டாலர்! பிறகு அந்த ஆட்டக்காரர்களை மொத்தமாக 75,000 டாலருக்கு நியூயார்க்கின் புதுக் கோஷ்டி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். ஹாமில்டன் கோஷ்டி அத்துடன் மறைந்தது. அதற்கப்புறம் வெகு காலம் யாரும் வாய் திறக்கவில்லை.

* * *

1940-களின் பெரும்பகுதியிலும் 1950-களிலும் லீக்கில் இருந்தவை ஆறே கோஷ்டிகள். சுமார் 120 பேருக்குத்தான் வேலை. ஒரு கோஷ்டியில் கையெழுத்துப் போட்டவன், முதலாளி விடும் வரையில் அந்த கோஷ்டிக்கே சொந்தம். தானாக வேறு இடம் தேட முடியாது. முதலாளியோ எந்த நிமிஷமும் அவனை இன்னொரு ஊருக்கு மாற்றலாம். பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கட்டுகிறவனின் சம்பளம் என்ன என்பது யாருக்கும் தெரியாது. சம்பளத்தைப் பற்றி வாய் திறக்காதே என்பது எழுதாத சட்டம்.

முதலாளிமார் எல்லோரும் ராட்சதர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆட்டக்காரர்களுக்கு 1947-ல் ஒரு பென்ஷன் நிதியை ஏற்படுத்தியவர்களும் அவர்களே. ஒவ்வொரு ஆட்டக்காரரும் அதற்கு வருஷம் 900 டாலர் கட்டினார். அந்த நாளில் அது சின்னத் தொகை அல்ல.

டெட்ராய்ட் கோஷ்டியில் டெட் லிண்ட்ஸே என்று ஒருவர் இருந்தார். ஆள் உயரம் இல்லை. ஆனால் களத்தில் இறங்கினால் நெருப்பு. 'பயங்கர டெட்' என்றே அவருக்குப் பட்டப் பெயர். கோர்டி ஹோ என்ற மகத்தான ஆட்டக்காரருடன் ஒரே வரிசையில் ஆடி, 1950 முதல் 1955-க்குள் நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை வென்றவர். பென்ஷன் நிதியில் ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகளாக இவரும், மான்ட்ரியால் கோஷ்டியின் டக் ஹார்வியும் இருந்தார்கள். களத்தில் இருவரும் ஜன்மப் பகைவர்கள். ஆனால் இருவர் மனத்திலும் ஒரே கேள்வி. நிதியில் எவ்வளவு பணம் இருக்கிறது? அது எங்கே போடப்பட்டிருக்கிறது?

கேட்டுப் பார்த்தார்கள். கணக்கைக் காட்ட முடியாது என்று பதில் வந்தது.

லிண்ட்ஸே சும்மா இருப்பவரா? பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் அமைத்துக் கொடுத்த நியூயார்க் வக்கீல்களைத் தேடிப் போனார். ஆறு கோஷ்டி ஆட்டக்காரர்களிடமும் ரகசியமாகப் பேசி, ஆளுக்கு 100 டாலர் சந்தா வாங்கினார். ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் கையெழுத்திட்டார்கள் என்பார்கள். 1957 பிப்ரவரி 11-ஆம் தேதி சங்கம் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. லிண்ட்ஸே தலைவர், ஹார்வி உபதலைவர், டொராண்டோவின் ஜிம்மி தாம்ஸன் காரியதரிசி.

முதலாளிகளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பருவத்தில் லிண்ட்ஸே 85 புள்ளிகள் எடுத்திருந்தார். அவருடைய வாழ்நாளிலேயே அதுதான் அதிகம். லீக்கில் இரண்டாம் இடம். ஆனாலும் டெட்ராய்ட் நிர்வாகி ஜாக் ஆடம்ஸ் அந்த ஜூலை மாதமே அவரைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார். சிகாகோ அப்போது லீக்கின் கடைசிக் கோஷ்டி. 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்' என்று நம் ஊர் உத்தியோகஸ்தர்கள் சொல்வார்களே, அதே கதைதான்! காரியதரிசி தாம்ஸனும் அதே சிகாகோவுக்குப் போனார். லிண்ட்ஸேக்குப் பெரிய சம்பளம் தருவதுபோல் பொய்யாக ஓர் ஒப்பந்தத்தை எழுதி, ஆடம்ஸ் அதைப் பத்திரிகை நிருபர்களிடம் காட்டினார் என்றும் சொல்வதுண்டு. சம்பளம் ரகசியமாக இருந்தால் இதுதான் ஆபத்து. உண்மையைச் சொன்னாலும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. பொய்யைச் சொன்னாலும் வழியில்லை.

அந்த நவம்பரில் டெட்ராய்ட் ஆட்டக்காரர்களே சங்கத்திலிருந்து விலகினார்கள். லிண்ட்ஸேயின் பழைய தோழர்கள்தாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள். வெளியே வேறு வேலை இல்லை. சங்கம் 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டிருந்தது. 1958 பிப்ரவரியில் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆயிற்று. குறைந்தபட்சச் சம்பளம் 7,000 டாலர் என்று முடிவாயிற்று. பென்ஷனுக்கு முதலாளிகள் கொடுக்கும் பங்கும் உயர்ந்தது. சங்கம் மட்டும் கலைந்தது. பென்ஷன் நிதியின் கணக்குப் புத்தகம் திறக்கவில்லை.

* * *

ரகசியத்தின் விலை என்ன என்பதைக் கோர்டி ஹோ 1968-ஐ ஒட்டித் தெரிந்துகொண்டார். உலகமே கொண்டாடிய அந்த மனிதருக்குச் சம்பளம் 45,000 டாலர். தம் கோஷ்டியிலேயே சம்பளத்தில் தாம் மூன்றாவது ஆள் என்ற விஷயம், இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த பிறகு, சக ஆட்டக்காரர் ஒருவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. முதலாளியிடம் போய்க் கேட்டார். 1,00,000 டாலராக உயர்த்திவிட்டார்கள். இவ்வளவு சுலபமாகக் கொடுக்க முடிந்ததை இத்தனை காலம் ஏன் கொடுக்கவில்லை? அதற்குப் பதில் இல்லை. ஆனால் இந்த ஆசைக்கெல்லாம் காரணம் ஹோவின் மனைவி காலீன்தான் என்று முதலாளி அந்த அம்மாள் தலையில் பழியைப் போட்டாராம். வீட்டுக் கணக்குப் பார்க்கிற பெண்ணுக்கு எந்த ஊரானாலும் கிடைக்கிற பட்டம் ஒன்றுதான் போலும்! காலீன் அசரவில்லை. பிற்பாடு கணவரின் ஒப்பந்தங்களையெல்லாம் தாமே முன்னின்று பேசினார்.

இதற்குள் 1967-ல் புதுச் சங்கம் ஒன்று பிறந்திருந்தது. அதை நடத்தியவர் ஆலன் ஈகிள்ஸன் என்ற வக்கீல். ஏறக்குறைய 25 வருஷம் அவர் ராஜ்யம். சங்கத்துக்கும் அவரே தலைவர். பல ஆட்டக்காரர்களின் ஏஜெண்டும் அவரே. சர்வதேசப் பந்தயங்களை நடத்தியவரும் அவரே. ஒரே ஆள் இத்தனை பெட்டிகளின் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டால் என்ன நடக்கும் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1998-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு அவர் சிறைக்குப் போனார். முதலாளி மறைத்த கணக்கு ஒன்று. சங்கத்தானே மறைத்தது இன்னொன்று!

பென்ஷன் நிதி என்ன ஆயிற்று? அதைத் தோண்டியெடுத்ததில் பெரும் பங்கு ஒரு பெண்ணுடையது. டொராண்டோவில் ஆடிய கார்ல் ப்ரூவரின் துணைவி சூ பாஸ்டர். தமக்கு வரும் பென்ஷன் ஏன் இவ்வளவு சொற்பம் என்று ப்ரூவர் புலம்பிய கேள்வியை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். கடிதமாக எழுதினார்; காகிதம் காகிதமாகத் தேடினார்; ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களை ஒன்றுகூட்டப் பாடுபட்டார். கடைசியில் ஹோ, பாபி ஹல், ப்ரூவர் உட்பட ஏழு பழைய ஆட்டக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நிதியில் சேர்ந்த உபரிப் பணத்தை முதலாளிகள் தங்கள் பங்குக்கு ஈடு கட்டிக்கொண்டது வெளியாயிற்று. உபரி ஆட்டக்காரர்களுக்கே சொந்தம் என்று ஒன்டாரியோ கோர்ட்டு 1992-ல் தீர்ப்பளித்தது. 1994-ல் மேல் முறையீட்டின் கடைசிக் கதவும் மூடிற்று. வட்டியோடு கிடைத்த தொகை 4 கோடி டாலருக்கு மேல். லிண்ட்ஸேயும் ஹார்வியும் கேட்ட கேள்விக்குப் பதில் வர முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஹார்வி காத்திருக்கவில்லை, 1989-லேயே காலமாகிவிட்டார்.

* * *

1990-ஐ ஒட்டிச் சங்கமே எல்லோருடைய சம்பளத்தையும் வெளியிட ஆரம்பித்தது. சம்பளங்கள் மளமளவென்று ஏறின. இப்போது 'நஷ்டம், நஷ்டம்' என்று அலறுவது முதலாளிகளின் முறை! 2002-03 பருவத்தில் 27 கோடியே 30 லட்சம் டாலர் நஷ்டம் என்று, பெரிய அதிகாரியாக இருந்த ஒருவரைக் கொண்டு அறிக்கை தயாரித்து 2004-ல் காட்டினார்கள். ஆட்டக்காரர்கள் நம்பவில்லை. ஐம்பது வருஷம் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, திடீரென்று ஒரு நாள் திறந்து காட்டினால் யார்தான் நம்புவார்கள்?

விளைவு, கதவடைப்பு. 2005 பிப்ரவரி 16-ஆம் தேதி ஒரு பருவம் முழுவதையும் ரத்து செய்தார்கள். 1,230 ஆட்டங்கள் போயின. 1919-ல் விஷஜுரத்தால் இறுதிப் பந்தயம் நின்றதற்குப் பிறகு ஸ்டான்லி கோப்பை யாருக்கும் கிடைக்காத முதல் வருஷம் அதுதான். கடைசியில் ஆட்டக்காரர்கள் சம்பளத்தில் 24 சதவிகிதம் விட்டுக்கொடுத்தார்கள். ஒரு கோஷ்டியின் மொத்தச் சம்பளம் 3 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் போகக்கூடாது என்ற உச்ச வரம்புக்கும் தலையசைத்தார்கள். ஆனால் அன்று முதல் வருமானம் எது, அதில் யாருக்கு எவ்வளவு என்பதை இரு தரப்பும் சேர்ந்தே கணக்குப் பார்க்கின்றன. 2012-13-ல் மறுபடி ஒரு கதவடைப்பு வந்து, பாதிக்குப் பாதி என்று தீர்ந்தது. சண்டை ஓயவில்லைதான். ஆனால் இப்போது சண்டை பங்கைப் பற்றி. புத்தகத்தைக் காட்டுவதா, கூடாதா என்பதைப் பற்றி அல்ல.

லிண்ட்ஸே 2019-ல் தமது 93-ஆம் வயதில் காலமானார். வருஷத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று ஆட்டக்காரர்களே வாக்களித்துக் கொடுக்கும் பரிசு, 2010 முதல் அவர் பெயரால் வழங்குகிறது.

அவரைப் பற்றி இன்னொரு சங்கதி உண்டு. 1966-ல் அவருடைய பெயரை ஹாக்கிக் கீர்த்தி மண்டபத்தில் சேர்த்தார்கள். ஆட்டக்காரனுக்கு அதற்கு மேல் கௌரவம் இல்லை. ஆனால் விருந்து ஆண்களுக்கு மட்டும். மனைவிமாருக்கு அனுமதி இல்லை. 'என் மனைவியும் மக்களும் வரக்கூடாத விருந்துக்கு நானும் வரவில்லை' என்று லிண்ட்ஸே வீட்டிலேயே இருந்துவிட்டார். அடுத்த வருஷம் விதியை மாற்றினார்கள்.

கதையைக் கேட்டு முடித்த என் மனைவி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அதிருக்கட்டும், இந்த மாசம் உங்கள் பத்திரிகையிலே சம்பளம் கூட்டினார்களாமே? எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்றாள்.

அடுத்த வீட்டு மாமியிடம் ஒரு நீல நோட்டு வாங்கி வர நான் இப்போது புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.