துப்ளே துரை ஏற்றி வைத்த மெழுகுவத்தி

நடுத்தர வர்க்கத்து ஹால்களில் பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஆட்சி மாறும். முதலில் ஷோகேஸும் அதற்குள் தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மையும். அப்புறம் பிளாஸ்டிக் ரோஜா. அப்புறம் மீன் தொட்டி (மீன்கள் பதவிக் காலம் முடியுமுன்பே காலமாகிவிடும்). இப்போது நடப்பது 'ஆன்டிக்' ஆட்சி. தாத்தா காலத்து வெற்றிலைப் பெட்டியில் டி.வி. ரிமோட். பாட்டி காலத்து உரலில் பணச்செடி. பாட்டி இருந்தவரை அந்த உரலைத் தாண்டித்தான் போனோம், திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த ஆட்சியில் லேட்டஸ்டாகப் பதவியேற்றிருப்பது தங்க முலாம் பூசிய பழைய மெழுகுவத்தி ஸ்டாண்டு. லாஸ்பேட்டையில் புது ஃபிளாட் வாங்கிய ஆபீஸ் நண்பர் ஒருவர் லஞ்ச் நேரத்தில் என்னை மடக்கினார்.

"சார், நீங்க முத்தியால்பேட்டைதானே? ஒரு ஜோடி பார்த்து வெச்சிருக்கேன். துப்ளே துரை வீட்டு சாமானாம். ரெண்டு மாச சம்பளம் சொல்றான். பி.எஃப். லோன் போடலாம்னு இருக்கேன். நீங்க வந்து ஒரு பார்வை பாருங்க."

பாண்டிச்சேரிக்காரன் என்றால் பிரெஞ்சு சாமான் தெரிந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் முத்தியால்பேட்டை தறி ஓடிய பேட்டை. எங்களுக்கு ஒரு மணிக்கூண்டு உண்டு. பிரெஞ்சு வீடுகளெல்லாம் தெற்கே, கடற்கரைப் பக்கம். எங்கள் வீட்டு மெழுகுவத்தி ஸ்டாண்டு, கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர். இரண்டு சொட்டு மெழுகை விட்டு ஒட்ட வைத்தால் விடியும் வரை நிற்கும்.

இருந்தாலும் பி.எஃப். பணம் என்கிறாரே! கொஞ்சம் படித்துவிட்டுப் போனேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

* * *

முதலில் துப்ளே. அவர் இங்கே கவர்னராக இருந்தது 1742-லிருந்து 1754 வரை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து, கோட்டையையும் கவர்னர் மாளிகையையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இன்று நீங்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர்களெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. ஊரே சரிந்தபோது ஒரு ஜோடி ஸ்டாண்டு மட்டும் பிழைத்து, இரண்டரை நூற்றாண்டு ஒளிந்திருந்து, நேராக நம் நண்பர் பார்த்த கடைக்கு வந்து சேர்ந்ததென்றால் அதை வாங்கக் கூடாது. விழுந்து கும்பிட வேண்டும்.

துப்ளே காலத்துப் பிரெஞ்சு சாமானுக்கு ஓர் அடையாளம் உண்டு. 1745 முதல் 1749 வரை பிரான்ஸில் செம்பு கலந்த உலோகச் சாமான்களுக்கு வரி போட்டார்கள். வரி கட்டியதற்கு அத்தாட்சியாக 'சி' என்ற ஆங்கில எழுத்தும் அதன்மேல் ஒரு குட்டிக் கிரீடமும் முத்திரையாகக் குத்தினார்கள். அந்த முத்திரை இருந்தால் உட்கார்ந்து பேசலாம். (முத்திரையையும் போலியாகக் குத்துகிற மகான்கள் உண்டு. எழுந்து நின்றே பேசுவது உத்தமம்.)

* * *

அடுத்தது தங்கம். ஸ்டாண்டு மின்னுகிறது, சரி. எப்படி மின்னுகிறது என்பதில்தான் காசு இருக்கிறது.

ஒன்று, நெருப்பு முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய் மாதிரி ஒரு பசை கிடைக்கும். அதை வெண்கலத்தின்மேல் தடவிச் சுட்டால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் பிடித்துக்கொள்ளும். பிறகு வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஸ்டாண்டுகளின் அந்தக் கனமான மஞ்சள், இந்த வேலைதான்.

போன பாதரச ஆவி எங்கே போயிற்று? தொழிலாளியின் நெஞ்சுக்குள். கை நடுங்கும், பல் ஆடும், ஆயுசு குறையும். பாரீஸில் ரவ்ரியோ என்ற பெரிய வெண்கல வியாபாரி 1814-ல் இறந்துபோனார். முலாம் பூசுகிறவர்களை இந்த விஷத்திலிருந்து காப்பாற்ற வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். தார்சே என்ற ரசாயன நிபுணர் புகையை மேலே இழுத்துக்கொள்ளும் அடுப்பு ஒன்றை அமைத்து அந்தப் பரிசை வாங்கினார். முதலாளி செத்துக் கொடுத்த பரிசு, தொழிலாளி சாகாமலிருக்க. ஜோடி ஸ்டாண்டைப் பார்த்து 'ஆஹா' என்று சொல்லும்போது இதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, மின்சார முலாம். 1840-ல் பர்மிங்ஹாமில் எல்கிங்டன் என்பவர்கள் இதற்கு பேடண்ட் வாங்கினார்கள். நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், சிதம்பரம் கவரிங். பாண்டியிலிருந்து பஸ் ஏறினால் போதும், தாலிக்கொடி முதல் ஒட்டியாணம் வரை கவரிங்கில் கிடைக்கும். அதே வித்தைதான்.

மூன்று, தங்க ரேக்கு. மரத்தில் செதுக்கிய ஸ்டாண்டின்மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் செம்மண் பூச்சு, அதன்மேல் தங்கத் தகடு ஒட்டுவார்கள். தஞ்சாவூர் ஓவியம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தங்கம் தேய்ந்த இடத்தில் உள்ளே சிவப்பு எட்டிப் பார்த்தால் நல்ல சகுனம்.

நான்காவதும் ஒன்று உண்டு. டப்பாவில் வரும் தங்க நிற பெயிண்ட். தேர்தலுக்கு முன்னால் சிலைகளுக்கு அடிப்பது.

* * *

கடைக்குப் போனால் என்ன செய்ய வேண்டும்? கடைக்காரர் கதையைக் காதால் கேளுங்கள். கையால் கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்.

தூக்கிப் பாருங்கள். வெண்கலமும் பித்தளையும் கனக்கும். நகத்தால் சுண்டுங்கள். 'டங்' என்று இழுத்தால் பித்தளை அல்லது வெண்கலம். 'டொக்' என்றால் துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

கவிழ்த்துப் பாருங்கள். பழைய ஆட்கள் கெட்டிக்காரர்கள், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் தங்கத்தை வீணாக்க மாட்டார்கள். அடி, உடம்பு, உள்பக்கம் எல்லாம் ஒரே சீராக மின்னினால் மின்சார வேலை என்று சந்தேகப்படலாம்.

தேய்மானம் நியாயமான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கை பிடிக்கும் தண்டில், விளிம்பில் தேய்ந்திருக்க வேண்டும். யாருமே தொட முடியாத இடுக்கில் தேய்ந்து, பிடிக்கிற இடம் பளபளவென்று இருந்தால், வயசானவர் வேஷத்தில் வரும் சினிமா ஹீரோ மாதிரி. நரை இருக்கும், சுருக்கம் இருக்காது.

மறையைக் கழற்றிப் பாருங்கள். பழைய மறை கையால் வெட்டியது. ஒன்றின் தண்டு இன்னொன்றின் அடியில் பொருந்தாமல் மக்கர் பண்ணும். எது எதோடு சேர வேண்டும் என்று சில ஸ்டாண்டுகளில் உள்பக்கம் கீறி அடையாளம் வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை பெண் மாதிரி, மாற்றிப் போட்டால் ஒட்டாது.

அடியில் துளை போட்டிருக்கிறதா? எப்போதோ ஒருவர் ஒயர் கொடுத்து டேபிள் லேம்ப் ஆக்கியிருக்கிறார். பாதி மதிப்பை அப்போதே குறைத்துவிட்டார்.

உச்சியில் குழி இருந்தால் பெரும்பாலும் வீட்டுச் சாமான். ஆணி மாதிரி முள் நீட்டிக்கொண்டிருந்தால் மாதா கோயில் பீடத்துச் சாமானாக இருக்கலாம். அது எந்தக் கோயிலிலிருந்து, எந்த ராத்திரியில் வெளியே வந்தது என்று கேளுங்கள். பதில் இழுத்தால் காசை நீட்டாதீர்கள்.

நண்பர் பார்த்த ஜோடி தூக்கினால் கனத்தது, சுண்டினால் ஒலித்தது. கவிழ்த்தேன். அடியில் ஸ்டிக்கர் கிழித்த பசை. துப்ளே துரை இல்லை, உத்தரப்பிரதேசத்து மொராதாபாத். பித்தளைக்குப் பேர் போன ஊர். புது ஸ்டாண்டைப் பழசாகக் காட்டும் பாலிஷும் அங்கே ஒரு கலை. மொராதாபாத் சாமான் மட்டமில்லை. மொராதாபாத் விலை கொடுத்து வாங்கினால் அருமையான சாமான். சொன்ன விலையில் கால்வாசிக்குக் கேட்டார் நண்பர். கடைக்காரர் பிரெஞ்சுச் சரித்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு பில் போட்டார்.

* * *

வாங்கியதை எங்கே வைப்பது? ஒரு காலத்தில் ஸ்டாண்டுக்குத் தங்கம் பூசியதே டாம்பீகத்துக்கு மட்டுமல்ல. சுடர் வெளிச்சம் தங்கத்தில் பட்டுத் திரும்பி ஒன்று இரண்டாகும். பின்னால் கண்ணாடி வைத்தால் நாலாகும். ஆகவே சுவர்க் கண்ணாடிக்கு முன் இரண்டு பக்கமும் வையுங்கள். சாப்பாட்டு மேசையில் என்றால் சுடர் எதிராளியின் மூக்குக்கு நேரே வரக்கூடாது.

நம் ஊரில் ஒரே ஒரு சிக்கல், சீலிங் ஃபேன். ஃபேன் போட்டால் மெழுகுவத்தி அணையும். ஃபேனை அணைத்தால் விருந்தாளி எழுந்து போவார். இந்தப் பிரச்னைக்கு துப்ளேவும் வழி சொல்லவில்லை.

* * *

இதெல்லாம் படித்தது வேறொரு இடத்தில்தான் நிஜமாக உபயோகப்பட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வோம். மாமனார் சைகோனில் உத்தியோகம் பார்த்தவர். வரும்போது கொண்டுவந்த ஒரு ஜோடி ஸ்டாண்டு, பூஜை அலமாரி மேல் இருக்கும். பெரிய பிள்ளை இங்கே, சின்னவர் பிரான்ஸில். லீவுக்கு வந்த சின்னவர், "ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்கலாம்" என்றார். "அம்மாவைப் பார்த்துக்கறது நான், ரெண்டும் எனக்கு" என்றார் பெரியவர். நாலு நாள் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை.

அஞ்சாம் நாள் காலை நான் போனபோது பெரியம்மா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு ஸ்டாண்டு, ஒரு கிண்ணத்தில் ஊறவைத்த புளி.

"என்ன பெரியம்மா இது?"

"காயலான் கடைக்காரனை வரச் சொல்லியிருக்கேன் தம்பி. எடை போட்டுக் குடுத்துட்டா சண்டை தீர்ந்துடும். அழுக்கோட குடுத்தா நம்ம வீட்டைப் பத்தி என்ன நெனைப்பான்? அதான் தேய்ச்சு வெக்கலாம்னு."

பதறிப் போய்க் கிண்ணத்தை நகர்த்தினேன். புளியும் பிராசோவும் பித்தளைக்கு அமிர்தம், முலாமுக்கு எமன். முடியளவுகூட இல்லாத தங்கம். அழுத்தித் தேய்க்கத் தேய்க்கப் போய்விடும். மெத்தென்ற உலர்ந்த துணி போதும். மெழுகு ஒட்டியிருந்தால் கத்தியால் சுரண்டாமல் கொஞ்ச நேரம் ஃபிரீஸரில் வைத்தால் தானே விட்டுக்கொள்ளும்.

கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் தங்கம் இல்லை. தண்டு நடுவில் மட்டும் தேய்ந்திருந்தது. உள்ளே ஒன்றில் ஒரு கீறல், இன்னொன்றில் இரண்டு. மாற்றிப் பூட்டிப் பார்த்தேன், ஏறவில்லை.

மகன்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். ஜோடியைப் பிரித்தால் ஒற்றை ஸ்டாண்டுக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் ஆன சாமான் தொல்பொருள். தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது. நூறு ஆகவில்லை என்றால் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகலாம்.

"பிரான்ஸ்ல செஞ்ச சாமான், பிரான்ஸுக்குப் போகக் கூடாதா?" என்றார் சின்னவர்.

"சாமான் போக முடியாது. நீங்க போகலாம்."

முதலில் சிரித்தது அண்ணன்தான். பெரியம்மா தீர்ப்பு சொன்னார். "நான் இருக்கற வரைக்கும் ரெண்டும் அலமாரி மேல. அப்புறம் எந்த மருமக புளி போட்டுத் தேய்க்காம இருக்காளோ, அவளுக்கு."

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊர்ப் பக்கமாகக் கரையேறியது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. கரண்ட் போயிற்று. எட்டிப் பார்த்தால் தெரு முழுக்க இருட்டு, பெரியம்மா வீட்டு ஜன்னலில் மட்டும் இரண்டு சுடர். பெட்டிக்கடை மெழுகுவத்தி அந்தக் குழிக்கு ரொம்ப ஒல்லி. அடியில் பழைய காலண்டர் தாளைச் சுற்றிச் செருகியிருந்தார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தன.

மறுநாள் பெரியம்மா சொன்னார்: "ராத்திரி வந்தவங்க ஒருத்தர்கூட இது எந்த வருஷத்து சாமான்னு கேக்கல தம்பி. இன்னொரு மெழுகுவத்தி இருக்கான்னுதான் கேட்டாங்க."