ஹவுளின் குழாயும் நம் பொறுப்பும்

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பகுதிகளில் உள்ள நம் மஹல்லாக்களில், ஹவுளின் குழாய் பழுதானால் பிளம்பர் வரும்வரை காத்திருப்பதே வழக்கமாகிவிட்டது. அதுவரை நீர் வீணாகிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். ஏறக்குறைய 4 லிட்டர். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில் உளூச் செய்தார்கள் என்கிறது ஸஹீஹுல் புகாரி. ஒரு முத்து என்பது ஒரு லிட்டருக்கும் குறைவு.

உப்புக்காற்றில் துருப்பிடித்த இரும்புக் குழாயை நீக்கி பிவிசி குழாய் பதிப்பது, முதன்முறை செய்வோரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலையே. வால்வை மூடி நீரை வடித்துவிட வேண்டும். குழாயை அளந்து நேராக அறுத்து, பிசிறு நீக்கி, ஈரமின்றித் துடைக்க வேண்டும். சால்வென்ட் சிமென்ட் தடவிச் சொருகி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரமே இதில் பெரும் பகை: பசை நன்கு காயும் முன் நீர் விடலாகாது, கசிவில்லை என்று உறுதிசெய்யும் முன் பள்ளத்தை மூடலாகாது. மோட்டாரின் மின் இணைப்பை மட்டும் தேர்ந்தவரிடமே விட வேண்டும்.

இது பிளம்பரின் பிழைப்பைக் கெடுக்காதா என்று சிலர் கேட்கலாம். அவருக்கு உரிய கூலி கொடுத்து, நம் இளைஞர்களுக்கு ஆசானாக்குவோம். மஸ்ஜிதுந் நபவி எழும்பியபோது நபி (ஸல்) அவர்களே கல் சுமந்தார்கள். பள்ளிவாசலின் வேலையில் நம் பிள்ளைகளின் கையும் படட்டும். தான் பதித்த குழாயில் நீர் வீணாவதை எவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், இன்ஷா அல்லாஹ்.