எல்லைக்கு அப்பால் சட்டம் பயிலுதல்

ஏரியில் முன்பின் அறியாத ஒருவர் தத்தளிக்கிறார். கரையில் நிற்பவருக்கு நீச்சல் நன்கு தெரியும். இறங்கினால் தமக்கு ஆபத்தில்லை என்பதும் தெரியும். ஆயினும் அவர் பார்த்துவிட்டு நடந்துவிடுகிறார். இங்கிலாந்தில் இது இழிசெயலாகக் கருதப்படும். ஆனால் பொதுவாகக் குற்றமாகாது. அந்நியரைக் காக்கும் கடமையை அந்நாட்டுச் சட்டம் எல்லார்மீதும் சுமத்தவில்லை. ஜெர்மனியிலோ இதற்கு ஓராண்டுவரை சிறை அல்லது அபராதம் உண்டு. பிரான்சில் சிறைத்தண்டனை ஐந்தாண்டுவரை நீளக்கூடும்.

இலண்டனில் சட்டம் பயிலும் மாணவருக்கு இவ்வேறுபாடு நூலில் காணும் ஒரு செய்தியே. பரிமாற்ற மாணவராக அவர் பாரிசுக்குச் சென்றபின், அருகில் அமர்ந்திருப்பவர் “உங்கள் நாட்டில் இது குற்றமில்லையா?” என்று வியந்து கேட்டால் நிலைமை வேறு. அவர் விடைகூறியாக வேண்டும். தனிமனித உரிமையில் அரசு எந்த அளவு தலையிடலாம் என்று அவர் விளக்கத் தொடங்கும்போதுதான், இயல்பானதென்று தாம் எண்ணியிருந்த சட்டம் ஒரு சமுதாயம் தெரிந்தெடுத்த வழி என்பது அவருக்கே புலப்படும். அயல்நாட்டுக் கல்வியின் முதன்மையான பயன் இதுவே. பிறநாட்டுச் சட்டத்தை மனப்பாடம் செய்வது அதற்கு அடுத்ததுதான்.

இதை ஏற்காதவர் உளர். வேதியியல் எங்கும் ஒன்று. சட்டமோ நாட்டெல்லையோடு நின்றுவிடுவது. பிரான்சின் ஒப்பந்தச் சட்டத்தைக் கற்று இங்கிலாந்து நீதிமன்றத்தில் வாதாட இயலுமா என்பர். வினா நியாயமானதே. எனினும் சட்டம் இவ்வாறு நாடுதோறும் அடைபட்டது வரலாற்றில் அண்மைக்காலத்தில்தான். 12ஆம் நூற்றாண்டில் ரோமானியச் சட்டம் கற்க ஆல்ப்ஸ் மலை கடந்து இத்தாலியின் பொலோனா நகருக்கு மாணவர்கள் வந்தனர். தம் நாட்டவர் பட்ட கடனுக்காக அவர்களைப் பிடித்துவைக்கும் வழக்கத்தைப் பேரரசர் முதலாம் பிரெடரிக் தடைசெய்ய நேர்ந்தது என்றால், வந்தோர் தொகை சிறிதாக இருந்திராது. பிரான்சு 1804இலும், ஜெர்மனி 1900இலும் தத்தம் உரிமையியல் சட்டத்தொகுப்பை நடைமுறைப்படுத்தின. அதன்பின் அவரவர் சட்டம் அவரவர் மொழிக்குள் ஒதுங்கியது. 1987இல் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்மஸ் பரிமாற்றத் திட்டம், சட்ட மாணவரைப் பொறுத்தவரை, அப்பழைய பாதையை மீண்டும் திறந்ததேயாகும்.

சட்டம் மட்டுமன்று, அதை எழுதும் முறையும் மாறுகிறது. இங்கிலாந்து நீதிபதி வழக்கின் கதையை விரிவாகச் சொல்வார். உடன்படாத நீதிபதி தம் மறுப்பையும் பெயரிட்டு எழுதுவார். பிரான்சின் உச்சநிலை நீதிமன்றமான காசேஷன் மன்றமோ, 2019வரை தன் தீர்ப்பு முழுவதையும் ஒரே நெடுவாக்கியமாக எழுதிவந்தது! ஜெர்மானியத் தேர்வில் மாணவர் முடிவை முதலில் கூறலாகாது. ஒவ்வொரு நிபந்தனையாக ஆராய்ந்து இறுதியில்தான் அதனை அடைதல் வேண்டும். ஒரு பருவம் இவ்வாறு எழுதிப் பழகியவர், தம் நாட்டுத் தீர்ப்பில் எந்தப் படி விடுபட்டிருக்கிறது என்பதைக் கூர்ந்து காண்பார்.

ஆங்கில வழிப் பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, தம் நாட்டவரோடு மட்டும் பழகித் திரும்புவோருக்கு இவற்றுள் எதுவும் கிட்டாது. அது நீண்ட சுற்றுலாவே.

பெரிய குறை பணத்தில் இருக்கிறது. எராஸ்மஸ் மாணவரிடம் ஏற்கும் பல்கலைக்கழகம் கல்விக்கட்டணம் பெறுவதில்லை. ஆனால் உதவித்தொகை வாழ்க்கைச் செலவு முழுவதையும் ஈடுசெய்யும் நோக்கில் தரப்படுவதன்று; பாரிசின் வாடகையை எஞ்சிய பணத்தால் கட்ட வேண்டியது குடும்பமே. பகுதிநேர வேலையால் படிப்பைத் தொடரும் மாணவர் அவ்வேலையை விட்டுச் செல்லவும் துணியார். நாளை வழக்குரைஞராகவும் நீதிபதியாகவும் அமரக்கூடியவருள் வசதி படைத்தோர் மட்டுமே பிறநாட்டுச் சட்டத்தைக் கண்டு வருவது முறையன்று. பல்கலைக்கழகங்கள் மேலும் பல நாடுகளோடு ஒப்பந்தம் செய்யும் முன், ஏற்கெனவே உள்ள இடங்களுக்கு ஏழை மாணவரை முழுச்செலவும் ஏற்று அனுப்பலாம்.