எழுத்தின் தெளிவு

கல்விக்கு உயிர் கருத்து. அவ்வுயிரைத் தாங்கும் உடல் எழுத்து. உடல் நலிந்தவிடத்து உயிர் நிலைபெறாது. இவ்வுண்மையை உணர்ந்து செயலாற்றிய அரசருள் ஒருவர் பிராங்கியர் மன்னராகிய சார்லமேன்.

அவர் கி.பி. 768-இல் அரியணை ஏறினார். அக்காலத்து ஐரோப்பாவில் நூல்கள் யாவும் கையாலேயே எழுதப்பட்டன. எழுத்தின் வடிவம் மடத்துக்கு மடம் வேறுபட்டது. பல ஏடுகளில் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. சொற்களுக்கு இடையே சீரான இடைவெளியும் இல்லை. ஆதலின், படியெடுப்போர் பிழைபடப் படித்தனர், பிழைபட எழுதினர், பிழை வழிவழியாகப் பெருகிற்று.

கி.பி. 789-இல் மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். சிறுவர்க்குப் பள்ளிகள் அமைத்தல் வேண்டும். நூல்களைப் பிழையறத் திருத்தல் வேண்டும். திருநூல்களை முதிர்ந்தோரே கருத்துடன் எழுதுதல் வேண்டும் என்பன அதன் கூறுகள். நூல் பிழைபடின், நல்லெண்ணத்துடன் இறைவனை வேண்டுவோரின் வேண்டுதலும் பிழைபடும் என்பதே மன்னரின் கவலை.

அந்நாளில் கோர்பி முதலிய மடங்களில் தெளிந்த எழுத்துமுறை ஒன்று உருவாகி வந்தது. அதில் எழுத்துகள் உருண்டு திரண்டு தனித்து நின்றன. சொற்கள் பிரிந்து விளங்கின. யார்க்கு நகரத்து அறிஞர் அல்குயின், கி.பி. 796 முதல் 804 வரை தூர் நகரத்து மடத்தின் தலைவராக விளங்கினார். அம்மடமும் இவ்வெழுத்தை வளர்த்துப் பரப்பியது. எனினும், இஃது ஒருவர் ஆக்கியதன்று. பலர் கைபட்டுச் செம்மையுற்றது.

யாவரும் ஒரு வடிவிலேயே எழுதுதல் எழுதுவோரின் தனித்திறனைக் குறைக்கும் எனச் சிலர் கருதலாம். அக்கருத்துப் பொருந்தாது. எழுத்து, எழுதுவோர்க்கு மட்டும் உரியதன்று. என்றோ எங்கோ இருந்து படிப்போர்க்கும் உரியது. பழைய இலத்தீன் நூல்களுள் மிகப்பல, அக்காலத்துப் படிகளின் வாயிலாகவே இன்று நமக்குக் கிடைத்துள்ளன. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் அவ்வெழுத்தையே மீண்டும் மேற்கொண்டனர். அச்சிடுவோரும் அதனைப் பின்பற்றினர். இன்று ஆங்கிலம் முதலிய மொழிகளின் நூல்களில் காணும் சிற்றெழுத்துகள் அதன் வழிவந்தவையே.

அச்சீர்திருத்தத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அதனால் பெரிதும் பயன்பெற்றோர் துறவியரும் குருமாருமே. உழுதுண்போர் குடில்களை அஃது எட்டவில்லை. ஆயினும், அது காத்த அறிவுச் செல்வம் பின்னாளில் யாவர்க்கும் உரியதாயிற்று.

சார்லமேன் எழுதுபலகையைத் தலையணையின்கீழ் வைத்திருந்து, ஓய்வு வாய்த்தபோதெல்லாம் எழுதிப் பழகினார் என்று, அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டு கூறுகிறார். காலம் கடந்து தொடங்கியமையால் அம்முயற்சி சிறிதே பயன் தந்தது. தமக்குக் கைவராத கலை பிறர்க்கு வாய்க்க வேண்டும் என்று உழைத்த அப்பெருந்தன்மையே அவரது ஆட்சியின் அழியாப் புகழாகும்.