வேலையற்றோர் மீதான ஐயமும் அஸ்வெசும வினாக்கொத்தும்: நலன்புரி நன்மைகள் சபைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

நலன்புரி நன்மைகள் சபையின் தலைவர் அவர்களுக்கு,

2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ்த் தங்கள் சபை நடைமுறைப்படுத்தி, 2023 ஜூலை முதல் கொடுப்பனவுகளை வழங்கி வரும் அஸ்வெசும திட்டம், அதற்கு முன்னிருந்த சமுர்த்தித் திட்டத்தைப் பீடித்திருந்த அரசியல் சிபாரிசிலிருந்து வறியோரை விடுவிப்பதாக வாக்களித்தது. அதன்பொருட்டு நாடு முழுவதும் மேற்கொள்ளப்பட்ட கணக்கெடுப்பும் சிறிய முயற்சியன்று. ஆயினும் அத்திட்டத்தின் கண்ணுக்கு ஏறக்குறையப் புலப்படாத ஒரு பிரிவினர் கொழும்பு நகரில் வாழ்கின்றனர். வேலை செய்யும் ஆற்றலும் விருப்பமும் இருந்து, தேடியும் பன்னிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ வேலை கிடைக்காதிருக்கும் இவர்கள், தொழிற்புள்ளிவிவர வழக்கில் நீண்டகால வேலையற்றோர் எனப்படுவர். இவர்களுக்கு இடமில்லாமற் போனமைக்கு நிதிப் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. வேலையற்றவரைப் பற்றிப் பொதுமக்கள் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் ஐயமே திட்டத்தின் வினாக்கொத்துக்குள்ளும் நடைமுறைக்குள்ளும் நுழைந்திருப்பது அதனிலும் ஆழமான காரணமாகும்.

இந்த ஐயத்தின் வரலாற்றை ஹெவ்லொக் வீதியோரத்து நிலமே எடுத்துரைக்கும். இன்று ஹெவ்லொக் சிற்றி என்னும் அடுக்குமாடித் தொகுதி எழுந்து நிற்கும் 18 ஏக்கர் நிலத்தில், முன்னர் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இயங்கி வந்தது. உலகப் பொருளாதார மந்தம் இலங்கையையும் வாட்டிக்கொண்டிருந்த 1933 பெப்ரவரியில் அந்த ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களது சங்கத்துக்குத் தலைமை தாங்கிய இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். த சில்வாவும் அவரது தோழர்களும் ஈராண்டுகளின் பின்னர் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் அடங்குவர். ஆலையில் மலையாளத் தொழிலாளர்கள் பெருந்தொகையினராய் இருந்தமையால், நகரில் வேலையின்மை மிகுந்தபோது அதன் பழி அவர்கள் மீது விழுந்தது. கொழும்புத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியாகப் போற்றப்பட்ட ஏ. ஈ. குணசிங்கவே 1930களின் நடுப்பகுதியில் மலையாளிகளுக்கு எதிரான பரப்புரைக்குத் தலைமை தாங்கினார் என்பது அக்காலத்தின் வேதனையான செய்தி. சந்தை சுருங்கியதால் போன வேலையை அயலான் பறித்துவிட்டான் என்று நம்புவது எளிதாயிருந்தது. அந்த நம்பிக்கை வலுப்பெற்று, அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியத் தொழிலாளரை வெளியேற்றும் 1939ஆம் ஆண்டின் முடிவாக முதிர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஜவகர்லால் நேரு கொழும்புக்கு நேரில் வந்து பேசியும் அம்முடிவு மாறவில்லை.

அதே 1939ஆம் ஆண்டில்தான் வறியோர் சட்டக் கட்டளையும் நிறைவேறியது. கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரசபைகளின் எல்லைக்குள் வாழும் வறியோருக்கு உதவும் பொறுப்பை அந்தந்த மாநகரசபையிடமே ஒப்படைத்த இச்சட்டமும், மேற்சொன்ன வெளியேற்றமும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை கருதத்தக்கது. உதவிக்கு உரியவர் யார், உரியவர் அல்லாதார் யார் என்று மக்களைப் பிரித்து நோக்கும் பார்வையோடுதான் இந்நாட்டின் சமூக உதவி பிறந்தது.

அந்தப் பார்வை சற்றே தளர்ந்திருந்த ஒரு காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களுக்கும் உரியதாய் இருந்தது. சங்கக்கடை வரிசையில் ஆசிரியரும் எழுதுவினைஞரும் கூலித் தொழிலாளியும் ஒருவர் பின் ஒருவராக நின்று கூப்பன் அரிசியை வாங்கியபோது, அதைப் பெறுவதில் எவருக்கும் தலைகுனிவு இருக்கவில்லை. 1953இல் அதன் விலை ஒரேயடியாக 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியதும், பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்ததும், அது எல்லாருக்கும் உரிய பொருளாக உணரப்பட்டமையாலேயே ஆகும். 1979இல் அதனிடத்தில் உணவு முத்திரை வந்து, குறைந்த வருமானத்தாருக்கு மட்டும் என வரம்பிடப்பட்ட பின்னர் நிலைமை மாறியது. முத்திரையின் பெறுமதி பணவீக்கத்தால் ஆண்டுதோறும் தேய்ந்தபோது அதற்காகத் தெருவில் இறங்கக்கூடிய அளவு பலம் அதைப் பெற்றவர்களிடம் இருக்கவில்லை. பெறாதவர்களுக்கு அது தமது பிரச்சினையாகத் தோன்றவுமில்லை. 1989இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய ஜனசவிய மாதம் 2,500 ரூபாயை 24 மாதங்களுக்கு வழங்க முன்வந்தபோது, அதற்கு ஈடாக உடலுழைப்பையும் கோரியது. வறியவர் சும்மா இருந்து உண்டுவிடுவார் என்னும் அச்சம் தாராளமான திட்டங்களின் நிபந்தனைகளுக்குள்ளும் புகுந்துகொண்டதற்கு இது சான்றாகும்.

அஸ்வெசும இந்த அச்சத்தை வேறொரு வடிவில் தொடர்கிறது. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பத்தின் இல்லாமையை அளந்து, நிலைமாறும் நிலையினர், பாதிக்கப்படக்கூடியோர், வறியோர், மிக வறியோர் என நான்கு வகுப்புகளாகப் பிரித்து, 2023இல் முறையே 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என மாதக் கொடுப்பனவு நிர்ணயிக்கப்பட்டது. 2025 ஜனவரி முதல் இறுதி இரு வகுப்புகளுக்கும் அது 10,000, 17,500 என உயர்ந்தது. சுட்டி என்பது நேரடியாக அளக்க முடியாத ஒன்றை மறைமுகமாகக் காட்டும் அடையாளம். வருமானத்தைக் கேட்டால் மக்கள் பொய் சொல்லுவர் என்னும் முன்னெண்ணத்தினால், சுவரையும் கூரையையும் மின்சாரப் பாவனையையும் கேட்கும் முறை இது. முறைசாராத் தொழில் மிகுந்த நாட்டில் வருமானத்தை உறுதிப்படுத்துவது கடினம் என்பது உண்மையே. ஆனால் சுவரும் கூரையும் நேற்றைய வாழ்வின் எச்சங்கள். வேலை இழந்தவருடைய வீட்டில் அவர் உழைத்த காலத்தில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி இன்னும் நிற்கும், அதற்குள் வைப்பதற்கு மட்டும் எதுவும் இராது.

நகரத்தில் இவ்வளவுகோல் மேலும் பிழைபடுகிறது. பாமன்கடையிலும் கிருலப்பனைக் கால்வாய்க் கரையிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் ஒரே மின்மானியைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். மின்கட்டணப் பட்டியலில் தெரியும் அலகுகள் ஒரு குடும்பத்தினுடையவை அல்ல. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவருக்குக் கற்சுவரும் ஓட்டுக்கூரையும் குழாய்நீரும் உண்டு. ஆனால் சுவர் வீட்டுக்காரருடையது, வாடகைப் பாக்கிதான் குடியிருப்பவருடையது. இத்தகையவர் புடவைக்கடையிலோ நகைக்கடையிலோ இருபது ஆண்டுகள் நின்று உழைத்தவராயின், கடை மூடப்படும் நாளில் அவரைத் தாங்கச் சட்டத்திலும் பெரிதாக ஒன்றுமில்லை. தொழிலாளரை வேலைநீக்கம் செய்வதைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும், பணிக்கொடை வழங்கும் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமும் பதினைந்து பேருக்குக் குறையாது வேலை செய்யும் நிறுவனங்களையே முதன்மையாகப் பிணிக்கின்றன. காலி வீதியின் கடைகள் பலவற்றில் அத்தனை பேர் இல்லை. ஊழியர் சேமலாப நிதி இருந்தாலும், ஆண்கள் 55 வயதும் பெண்கள் 50 வயதும் அடையும்வரை அதைப் பொதுவாக முழுமையாக எடுக்க முடியாது. நாற்பத்தைந்து வயதில் வேலை இழப்பவர், புதிய வேலைக்கு வயது கூடியவராகவும் சேமலாப நிதிக்கு வயது குறைந்தவராகவும் நிற்கிறார். 1952ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புப் பற்றிய சர்வதேசச் சமவாயம் வகுத்த ஒன்பது கிளைகளுள் ஒன்றான வேலையின்மைக் கொடுப்பனவு இலங்கையில் இன்றுவரை உருவாகவில்லை.

இவ்வாறு வேலை இழந்தவரைப் புள்ளிவிவரமும் காண்பதில்லை. கணக்கெடுப்பு வாரத்தில் ஒரு மணிநேரமாவது ஊதியத்துக்கோ இலாபத்துக்கோ, ஊதியமின்றிக் குடும்பத் தொழிலிலோ உழைத்தவர் தொழில் புரிபவராகவே எண்ணப்படுவதால், உறவினர் கடையில் ஒரு காலைப்பொழுது பொதி கட்டிக் கொடுத்தவர் வேலையற்றோர் தொகையிலிருந்து விடுபடுகிறார். வேலையின்மை வீதம் அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 4 முதல் 5.5 சதவீதத்துக்குள் அடங்கிக் காணப்படுவதற்கு இந்த வரைவிலக்கணமும் ஒரு காரணம். அந்தச் சிறிய எண்ணைக் காட்டி, வேலை இருக்கிறது, தேடுவோர்தாம் இல்லை என்று பேசுவது எளிதாகிறது.

கொழும்புத் தமிழரிடையே இப்பேச்சுக்குத் தனி நிறம் உண்டு. வேலையின்றி இருக்கும் ஒருவரைப் பற்றி, பிள்ளைகள் வெளிநாட்டில்தானே, காசு வராமலா இருக்கும் என்று அயலவர் சொல்லுவர்; காசு வராத வீடும் அந்த ஊகத்தின் சுமையைத் தாங்க வேண்டியுள்ளது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்னும் பழமொழியில் வளர்ந்த சமூகம், அரச உத்தியோகத்துக்காகக் காத்திருக்கும் பட்டதாரியின் வேலையின்மையைத் துயரமாகவும், கடைச் சிப்பந்தியின் வேலையின்மையைக் குணக்கேடாகவும் காண்கிறது. அரசும் அவ்வாறே நடந்துள்ளது. 1971 ஏப்ரல் கிளர்ச்சி, கற்ற இளைஞரின் வேலையின்மையை நாட்டின் முதன்மைப் பிரச்சினையாக்கியது. டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் தாபனக் குழு அதே ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் நாட்டிலிருந்த வேலைகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையை விரிவாக ஆராய்ந்தது. 2020இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபாய்ப் பயிற்சிக் கொடுப்பனவுடன் அரச சேவையில் இணைக்கப்பட்டபோது, அப்பணத்தை எவரும் நிவாரணம் என அழைக்கவில்லை. அது அவர்களுக்கு உரியதே. குடும்பம் முழுவதற்கும் அதனிலும் குறைந்த தொகையைப் பெறும் ஒருவர் மட்டும் ஏன் கையேந்துபவராகக் கருதப்பட வேண்டும் என்பதே கேள்வி.

உதவிப் பணம் சோம்பலை வளர்க்கும் என்னும் அச்சம் சோதிக்கப்படாத ஒன்றன்று. அபிஜித் பானர்ஜி, ரேமா ஹன்னா முதலிய நான்கு பொருளியலாளர்கள், மெக்சிக்கோ, ஹொண்டூராஸ், நிகராகுவா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளில் அரச உதவிப் பணம் குறித்து நடந்த ஏழு பரிசோதனைகளின் தரவுகளை மீளாய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, பணம் பெற்றவர்கள் குறைவாக உழைத்தனர் என்பதற்கு முறையான சான்று எதுவும் இல்லை எனக் கண்டது. வேலையின்மையே மனிதரைச் செயலிழக்கச் செய்யும் என்பதோ அதற்கும் வெகு முன்னரே அறியப்பட்டது. வெள்ளவத்தை ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த அதே 1933இல் வெளிவந்த மரீன்தால் ஆய்வு, ஒஸ்திரியாவில் நெசவாலை மூடப்பட்டதால் ஏறத்தாழ முழுவதுமே வேலையிழந்த ஒரு கிராமத்தைப் பற்றியது. மரீ யகோடா, பவுல் லாசர்ஸ்பெல்ட், ஹன்ஸ் சைசல் ஆகியோர், ஓய்வு நேரம் பெருகியும் நூலகத்தில் இரவல் பெறப்பட்ட நூல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததையும், தெருவில் ஆண்களின் நடை தளர்ந்ததையும், நாளைப் பற்றிய எண்ணமே சுருங்கியதையும் அங்கே கண்டனர். அயலவர் சோம்பல் என்று சுட்டுவது பல வேளைகளில் நெடுநாள் நிராகரிப்பின் விளைவே. விளைவைக் காரணமாகக் கொண்டு உதவியை மறுப்பது நீதியாகாது.

ஆகவே தங்கள் சபையிடம் முதலாவதாகவும் மிக வற்புறுத்தலாகவும் வேண்டப்படுவது, தெரிவுப் பட்டியல்களைப் பொதுப் பார்வைக்கு வைத்து ஆட்சேபனை கோரும் முறையைக் கைவிடுவதாகும். 2023இல் தெரிவாகாதோரிடமிருந்து பத்து இலட்சத்தை அண்மித்த மேன்முறையீடுகள் வந்தன. தெரிவானோருக்கு எதிராகப் பிறர் ஆட்சேபனை எழுதவும் வழி இருந்தது. பிழையைத் திருத்தும் நோக்கம் நல்லதாயினும், இம்முறை அயலவரை அயலவரின் கண்காணிப்பாளராக ஆக்குகிறது. பெயர் பலகையில் தொங்குவதற்கு அஞ்சி விண்ணப்பிக்காமலே விடும் நடுத்தர வயதினர் வெள்ளவத்தையில் குறைவல்லர். தெரிவின் சரிபார்ப்பை, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் மாதிரிக் கணக்காய்வு மூலம், அதாவது எழுமாறாகத் தெரிவுசெய்த சில கோவைகளை மட்டும் நேரில் ஆராய்வதன் மூலம் செய்ய இயலும்.

வேலை வயதிலுள்ள ஒவ்வொருவரும் எத்தனை மாதங்களாக வேலையின்றி உள்ளார் என்பது வினாக்கொத்தில் தனிச் சுட்டியாக நிறை பெற வேண்டும். மின்சாரப் பாவனை தலைக்கு இவ்வளவு எனக் கணிக்கப்பட்டு, பகிர்ந்த மின்மானிகள் அவ்வாறே பதியப்பட வேண்டும். வாடகைக்கு இருப்போரின் சுவரும் கூரையும் அவர்களது சொத்தாக எண்ணப்படலாகாது. தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய வேலைவாய்ப்பற்ற இளைஞர் உதவித்தொகை, வேலைவாய்ப்பகத்தில் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருந்த பின்னரே சில நூறு ரூபாயை வழங்குவதால் பின்பற்றத்தக்க அளவன்று. எனினும் வேலையின்மையின் காலநீளத்தை அரசு பதிவுசெய்து, அதை ஓர் உரிமைக்கு அடிப்படையாக்க முடியும் என்பதற்கு அது அருகிலேயே உள்ள முன்மாதிரி.

இம்மாற்றங்களை முதலில் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவில் பரிசோதிக்கலாம். மாடித் தொகுதிகளும் வாடகை அறைகளும் கால்வாய்க் கரைக் குடிசைகளும் அங்கே சில நூறு மீற்றருக்குள் அடங்குவதால், நகர வறுமையின் பல வடிவங்களும் ஒரே பிரிவில் கிடைக்கும். கிராம உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரும், மாநகரசபையின் பொதுசன உதவிப் பிரிவின் ஒத்துழைப்பும் தேவைப்படும். அடுத்த கணக்கெடுப்புப் படிவம் இறுதியாக்கப்படுமுன் அந்தப் பரிசோதனைக்கு ஆணையிடுமாறு தங்களை வேண்டி இம்மடல் எழுதப்படுகிறது.

இவ்வண்ணம்,
ஹெவ்லொக் டவுன் குடியிருப்பாளர் ஒருவர்